மஞ்சள் அட்டையில் வலது கட்டைவிரல்

காக்களூரில் முதலில் நான் போட்டது ஒரு தகரக் கொட்டகை. வேலிகாத்தான் முள்ளை நானே வெட்டினேன். பள்ளத்தை நானே மண் அடித்து மேடாக்கினேன். கரண்ட் வர ஏழு மாதம் ஆனது. அதுவரை நானும் என் மனைவியும் கையாலேயே அட்டையை மடித்து, கையாலேயே பின் அடித்து, முதல் ஆயிரம் பெட்டியை அனுப்பினோம். அதற்குப் பிறகு ஒரு மெஷின், பிறகு இரண்டு, பிறகு பக்கத்துக் கொட்டகை. மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து சரக்கெல்லாம் கூழாகிப் போன வருஷம்கூட ஒரு லோடு தவறவில்லை. ஆரணியில் மாடி வீடு எழுப்பினேன். தெருவுக்கு போர்வெல் போட்டுக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் போனது ஒன்றரை வருஷம்தான்.

இந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அது ஒரு புத்தகம். நான் எழுதியது இல்லை. உள்ளே ஒரு எழுத்தும் கிடையாது, எல்லாம் வெள்ளைத் தாள். அதைத் தைத்து, பசை தடவி, அட்டை போட்டவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் வேலை பார்த்த நர்ஸ் அம்மா. ஆனாலும் அதில் என் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழைகளை மருமகள் திருத்துகிறாள். பெருமையையும் திருத்தப் பார்த்தாள். அது நடக்காது என்று சொல்லிவிட்டேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். போட்டால் கோபித்துக்கொள்வார். தொழிற்சாலை முழுக்க அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். பழவேற்காட்டில் வியாபாரக் குடும்பம், பொன்னேரியில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் பாய்க்கு பஜாரில் மளிகைக் கடை. ஒல்லியான உருவம், காதோரம் நரை, கையில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில், அந்தத் தொழிற்சாலைக்குப் பெட்டி இறக்கப் போனபோது இரும்புப் பட்டை தெறித்து என் உள்ளங்கையைக் கிழித்தது. முதலுதவி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே மேசைமேல் பழைய பல்சக்கரம் ஒன்று படுத்திருந்தது. அதன் அடியில் நாலைந்து நோட்டுப் புத்தகங்கள். விபத்துப் பதிவேடு போலிருக்கிறது, பறக்காமல் இருக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சிஸ்டர் என் கையைத் துடைத்துத் தைத்தார். தைக்கும்போது, நான் வலியில் முகத்தைச் சுளிக்கிறேனே, அதைப் பார்க்கவில்லை. நூலை எப்படி முடிச்சுப் போட்டால் உப்பாமல் இருக்கும் என்று அவரே அவருக்குப் பேசிக்கொண்டிருந்தார். பிறகுதான் தெரிந்தது, இதே முடிச்சைத்தான் அந்தப் புத்தகங்களின் முதுகிலும் போட்டிருந்தார். கட்டுத்துணியும் அதேதான். புத்தகத்தின் முதுகில் பசை தடவி அந்த வலைத்துணியை ஒட்டினால் தாள் கழன்று வராதாம்.

"மனுசனுக்கு மாதிரியே இதுக்கும் மொதல்ல முதுகுதான் போவும் அண்ணே," என்றார்.

யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. விற்கவும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும், வீட்டில் தொழுகை முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்திலும் புத்தகம் கட்டுவார். நூலகத்தில் வீணாய்ப்போன ஒரு புத்தகத்தைப் பிரித்துப் பார்த்து, மறுபடி தைத்துப் பார்த்து, தானாகக் கற்றுக்கொண்டது. இந்த விஷயத்தில் அவரும் என் ஜாதி. நானும் எழுத்தை அட்டைப்பெட்டியில்தான் கற்றேன். 'இந்தப் பக்கம் மேலே', 'கவனமாகக் கையாளவும்'. இந்த இரண்டு வரியில் எத்தனை எழுத்து இருக்கிறதோ, அத்தனையும் முதலில் வந்தது. மிச்ச எழுத்து பிறகு வந்தது.

கையெழுத்துக்குத் தனிக் கதை. முப்பது வயதில் பேங்குக்குப் போனேன். அங்கே ஒருவர் என் வேட்டியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்காமல் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். இடது கட்டைவிரலை வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அந்த மையைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அன்றைக்கே கரித்துண்டால் அட்டையில் என் பெயரை எழுதிப் பழக ஆரம்பித்தேன். இருபத்திரண்டு நாள். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் என் விரலைப் பதித்ததில்லை. பதிக்கவும் மாட்டேன் என்று என் மனைவியிடம் சத்தியம் செய்தேன். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் வருகிறது.

சிஸ்டரிடம் ஒரு வார்த்தை உண்டு. எது கெட்டுப்போனாலும் அந்த வார்த்தைதான் வரும்: "இது எப்டி வந்துச்சு?" நாம் தலையில் கை வைத்துக்கொள்கிற இடத்தில் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார்.

தேதி முடிந்த மருந்துகளைக் கொட்டிவிட வேண்டும் என்பது தொழிற்சாலை விதி. மேனேஜரிடம் கேட்டு அவற்றை வாங்கிக்கொள்வார். ஊதா மருந்தில் தாளை நனைப்பார், சிவப்பு மருந்தில் நனைப்பார், கேன்டீன் டீத்தூள் மண்டியில் ஊறவைப்பார். ஒருநாள் தாளுக்குப் பழுப்பு நிறம் வேண்டுமென்று டிங்சர் அயோடினைப் பூசியிருக்கிறார். பூசிய இடமெல்லாம் கருநீலம். கையும் கருநீலம். பயந்துபோய்க் கைகழுவியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அப்படியே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மெஷின்கள் நடுவே ஓடி, சோதனைக்கூடத்தில் இருந்த படித்த பையனைப் பிடித்து எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார். வழியில் அந்தக் கையைப் பார்த்த சூப்பர்வைசர் யாருக்கோ பெரிய அடி என்று மெஷினை நிறுத்திவிட்டார். தாளில் மைதாப் பசை பட்டிருந்தது, மாவில் அயோடின் பட்டால் நீலமாகும் என்று அந்தப் பையன் சொன்னான். மேனேஜர் கூப்பிட்டுத் திட்டினார். திட்டி முடித்ததும் சிஸ்டர் அவரிடம், அந்த நீலம் எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். நன்றாகத்தான் இருக்கிறது என்று அவரும் சொல்லித் தொலைத்தார்.

இப்படி வந்த நிறங்களுக்கெல்லாம் ஒரு நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துண்டுத் தாள், அதன் பெயர், எப்படி வந்தது என்ற விவரம். பெயர்கள் அவரே வைத்தவை. 'மழை நனைச்ச சிமெண்டு'. 'பஸ்ஸ விட்டவன் மூஞ்சி'. 'ஆரணியாத்து மணல், சாயங்காலம்'. அந்த அயோடின் நீலத்துக்கு 'மேனேஜர் திட்டுனது'.

என் பங்குக்கு வருகிறேன். அவர் புத்தகங்கள் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் நாலு நாளில் அட்டை அப்பளம் மாதிரி வளைந்துவிடும். அவருக்குக் காரணம் தெரியவில்லை. இருபது வருஷம் அட்டையோடு படுத்து எழுந்தவன் நான். ஒரு அட்டையை வாங்கி இந்தப் பக்கம் வளைத்தேன், அந்தப் பக்கம் வளைத்தேன். "பாருங்க சிஸ்டர், எந்தப் பக்கம் சுளுவா வளையுதோ, நாரு அந்த மடிப்போட ஓடுது. நாரு புத்தகத்து முதுவோட நெட்டா நிக்கணும். நீங்க குறுக்க வெட்டிக்கினு கீறீங்க," என்றேன். அன்றிலிருந்து அவர் புத்தகம் எதுவும் வளையவில்லை. அட்டையும் நான்தான் கொடுத்தேன். வெட்டுத்துண்டு இல்லை, புது அட்டை.

அதற்கு அவர் மரியாதையும் செய்தார். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்திலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுவார். எது யாரிடமிருந்து வந்தது என்று அதில் இருக்கும். நூல்: இன்னார். துணி: இன்னார். நிறம்: கேன்டீன் மாஸ்டர் டீ. அட்டை: காக்களூர் பெட்டிக்கார அண்ணன். அதை நான் எழுத்துக்கூட்டிப் படித்தபோது என் கையெழுத்தை முதலில் போட்ட நாள் மாதிரி இருந்தது.

ஒரு பொங்கலுக்கு என் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்க ஒரே மாதிரி ஆறு டைரி கேட்டேன். ஆறும் ஆறு மாதிரி வந்தது. ஒன்றில் பழவேற்காட்டு ஓலைப்பெட்டி பின்னுவது போல சாய ஓலையை அட்டைமேல் பின்னியிருந்தார். ஒன்று 'மழை நனைச்ச சிமெண்டு'. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பெட்டி ஒரு லட்சம் செய்தாலும் ஒரு நூல் மாறாது என்றேன்.

"அதுக்கு நீங்க கீறீங்களே அண்ணே. நானும் அதையே செஞ்சா நமக்குள்ள இன்னா பேச்சு?" என்றார்.

கொடுத்த இடத்தில் ஆறு பேரும் போன் போட்டு, மற்றவருக்கு என்ன வந்தது என்று விசாரித்தார்கள். இரண்டு பேர் மாற்றிக்கொண்டார்கள். என் பெட்டியைப் பற்றி இதுவரை ஒருவன் அப்படி விசாரித்ததில்லை.

இப்போது மஞ்சள் புத்தகம்.

சிஸ்டர் வாழ்க்கையில் நினைத்தபடி வந்த நிறம் அது ஒன்றுதான். காடாத்துணியைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, வீட்டில் இடித்த மஞ்சளில் முக்கி, நிழலில் காயவைத்து, மறுபடி முக்கி, பன்னிரண்டு தடவை. சாமந்திப்பூ வெட்கப்படும். அந்தத் துணியில் கட்டிய புத்தகத்தை அறையில் வைத்திருந்தபோது, சரக்கு சோதிக்க சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா தலைவலி மாத்திரைக்கு உள்ளே வந்தார். மாத்திரையை மறந்துவிட்டார். சென்னையில் கைவேலைக் கண்காட்சி ஒன்று வருகிறது, புத்தகம் கட்டுவதில் பழுத்த ஆட்கள் வருவார்கள், ஒருவருக்கு ஒரு பொருள்தான், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் இதே மஞ்சள் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுங்கள் என்று இடம் சொல்லிவிட்டுப் போனார்.

பாய் வீட்டில் சிரித்தாராம். ஒன்பது வருஷமாகக் காகிதம் ஒட்டியது போதாதென்று இப்போது மெட்ராஸ் போய் ஒட்டப்போகிறாயா என்றாராம். சிஸ்டர் அதற்குச் சண்டை போடவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: "தெரிஞ்சவங்க கண்ணுல ஒரு தபா படணும் அண்ணே. நல்லா இல்லன்னாலும் பரவால்ல. ஏன் நல்லா இல்லன்னாச்சும் சொல்லுவாங்க இல்ல? இங்க எல்லாரும் நல்லாக்கீது நல்லாக்கீதுன்னுட்டுப் போயிடறாங்க."

என் வண்டியில் அழைத்துப் போகிறேன் என்றேன். ஞாயிறு காலை ஏழரைக்குப் பொன்னேரி ஸ்டேஷன் எதிரில் நின்றேன். நாஷ்டா முடித்து, வெற்றிலைக்கு நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவிப் போட்டுக்கொண்டேன். சிஸ்டர் வந்தார். புத்தகம் வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. சோப்புக் கையோடு யாரும் தொடக்கூடாது, மஞ்சள் சிவந்துவிடும் என்று வழியெல்லாம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். என்னிடமும் சொன்னார். நான் சோப்பே போடவில்லை என்றேன். உண்மைதானே.

புத்தகத்தை வாங்கிப் பிரித்தேன். எதற்கு? உள்ளே இருக்கிற என் அட்டை நேராக நிற்கிறதா என்று பார்க்க. மேல் மூலையில் வலது கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தினேன். நான் எப்போதும் சுண்ணாம்பு தடவுவது வலது கட்டைவிரலால்.

விரலை எடுத்தேன். மஞ்சளில் ரத்தச் சிவப்பாக ஒரு கட்டைவிரல். ரேகை ஒவ்வொன்றும் தெரிகிறது.

ஆலம், அதாவது ஆரத்தி, சுற்றுகிற தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் பிறந்த நாள் முதல் பார்த்தவன் நான். அந்த நிமிஷம் தோன்றவில்லை. சரி, சிவப்பை எலுமிச்சை எடுத்துவிடும் என்று சோடாக்கடைக்கு ஓடினேன். அரை மூடியைக் கொண்டுவந்து, சிஸ்டர் தடுப்பதற்குள் பிழிந்துவிட்டேன். சுண்ணாம்பு ஆழமாய் இறங்கிவிட்டது போல, சிவப்பு போகவில்லை. அதைச் சுற்றி மஞ்சள் வெளுத்து, ஒரு வெள்ளை வளையம் கட்டிக்கொண்டது.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என் கொட்டகையில் தண்ணீர் புகுந்த அன்று நான் அழவில்லை. இங்கே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வேறு புத்தகம் எடுத்து வாருங்கள், ஊதா இருக்கிறது, நீலம் இருக்கிறது என்று ஏதேதோ சொன்னேன். அந்த அம்மா கேட்டது மஞ்சள். மஞ்சள் ஒன்றுதான் இருந்தது.

ரயில் ஒன்று வந்து போனது. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"இது எப்டி வந்துச்சு?" என்றார்.

"என் கையில சுண்ணாம்பு இருந்திச்சு சிஸ்டர். தப்பாப் போச்சு."

"அது தெரியுது. இந்த வெள்ள வட்டம் எப்டி வந்துச்சு? எத்தினி சொட்டு பிழிஞ்சீங்க?"

புத்தகத்தைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்தார், கிட்டே பிடித்தார். தனியாகப் பார்த்தால் கறை, வரிசையாக நாலு ஓரமும் இருந்தால் பூ என்றார். வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். என் கையைப் பார்த்து, வையுங்கள் என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் விரலை வைக்கச் சொன்னேன். தன் விரல் சின்னது, முதலில் பட்டது பெரிது, சேராது என்றார். எனக்குக் கோபம் வந்தது. பேங்கில் நடந்ததை அதுவரை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அங்கே ஸ்டேஷன் எதிரில் நின்று அவரிடம் சொன்னேன். சத்தியத்தைச் சொன்னேன். செத்தாலும் கைநாட்டு வைக்க மாட்டேன் என்றேன். மணி எட்டைத் தாண்டிவிட்டது.

சிஸ்டர் அவசரப்படவில்லை. அன்று என் உள்ளங்கையைத் தைத்தபோது இருந்த அதே நிதானம்.

"எந்தக் கைய வெச்சீங்க பேங்குல?"

"எடது கை."

"கைநாட்டுன்னா ஆம்பளைக்கு எடது கைதான் அண்ணே. இது வலது கை. கையெழுத்துப் போடுற கை, பொட்டி மடிச்ச கை. இது கைநாட்டு இல்ல, வேலை."

நான் யோசித்தேன். எந்தப் பக்கம் யோசித்தாலும் அது சரியாகத்தான் இருந்தது. ஒரு நிபந்தனை வைத்தேன். இது என் விரல் என்று யாரிடமும் சொல்லக்கூடாது, எங்கேயும் எழுதக்கூடாது. சரி என்றார். அதற்கு அல்லா மேல் ஆணையெல்லாம் வேண்டாம், தன் வாய்ப்பேச்சே போதும் என்றார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆரம்பித்தோம். நான் விரலை வைப்பேன், அவர் பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டு ஓரத்தில் வளையம் போடுவார். அழுத்தம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரே மாதிரி செய்வதுதான் நான் உலகத்திலேயே நன்றாகச் செய்கிற காரியம். ஒன்றுகூடப் பிசகவில்லை. வெற்றிலைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஊட்டு மேல பத்திரம் பதியிறீங்களா?"

காது சூடானது. எழுந்துவிடலாமா என்று ஒரு நொடி. சிஸ்டர் தலை நிமிராமல், "அடுத்தது," என்றார். வைத்தேன். மொத்தம் நாற்பத்து நாலு.

சிறுசிறு வளையம் கட்டிய சிவப்புப் பூ நாலு ஓரமும் ஓடியது. வண்டியில் வரும்போது சிஸ்டர் பேனாவை எடுத்துப் பின்னட்டைச் சீட்டில் ஏதோ எழுதினார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மேசையில் புத்தகம் இருந்தது. மஞ்சளைக் கேட்ட அம்மா ஓரத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், புத்தகத்தை மேசையின் நடுவுக்கு நகர்த்திவைத்தார்.

மத்தியானம் ஒரு பெரியவர் வந்தார். ஐம்பது வருஷமாகப் புத்தகம் கட்டுகிறவராம். அட்டையைப் பார்க்கவில்லை. முதுகைத் தடவினார், திறந்தார், மூடினார், அட்டை வளைகிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்தார். வளையவில்லை. அது என் அட்டை. மூலையில் துணி மடிப்பு தடித்திருக்கிறது, உள்ளே கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு மடிக்க வேண்டும் என்று செய்து காட்டினார். சிஸ்டர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒன்பது வருஷமாக யாரும் சொல்லாத குறை. அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகுதான் பெரியவர் ஓரத்தைப் பார்த்தார்.

"இது எப்படி வந்தது?" என்றார்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

"தற்செயலா வந்துச்சு சார்."

"நாற்பது ஐம்பது இருக்குமே. அத்தனையுமா?"

"அத்தனையும்," என்றார் சிஸ்டர்.

பெரியவர் சிரித்துவிட்டார். என்னையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். இந்தப் புத்தகம் மற்றவர்கள் பார்க்க இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டார். சிஸ்டர் உடனே கொடுத்துவிட்டார். திரும்பும் வழியில் வண்டியில் பாடிக்கொண்டே வந்தார். அடுத்த வாரம் பாய், மெட்ராஸ்காரர்கள் தன் மனைவியின் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று தானே செய்தது போலப் பஜாரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷம் கழித்து, மகள் இருக்கும் ஊருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். விலாசம் என்னிடம் இல்லை.

போன மாதம் மருமகள் அந்தக் கண்காட்சி நடந்த இடத்துக்கு என்னை அழைத்துப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தகம் இருக்கிறது. சிவப்பு மங்கிச் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கிறது, ரேகை அப்படியே இருக்கிறது. இரண்டு பக்கமும் தெரியும்படி நிறுத்தி, பின்னட்டையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். சீட்டை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். நூல், துணி, மஞ்சள், எல்லாம் இருக்கிறது. அட்டை: காக்களூர் பெட்டிக்கார அண்ணன். அதற்குக் கீழே வேறு மையில், வண்டி குலுங்கியதில் கோணலாக ஒரு வரி. சிவப்பு: தற்செயல்.

இத்தனை வருஷம் சிஸ்டர் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார். கண்ணாடியைத் திறக்கச் சொல்லி விரலை வைத்துக் காட்டலாமா என்று பார்த்தேன். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகவே இதை அச்சில் போடச் சொல்லியிருக்கிறேன். சிஸ்டர், எங்கே இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நிபந்தனை நான் வைத்தது, நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்தப் புத்தகத்தை வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். தற்செயலாக வந்தது முதல் விரல் ஒன்றுதான், அதுவும் அட்டை நேராக இருக்கிறதா என்று பார்த்ததில் வந்தது. மீதி நாற்பத்து மூன்றையும் ஒருவன் உட்கார்ந்து, ஒன்றுபோல வைத்தான். அந்த வரியை அடித்துவிட்டுப் பெட்டிக்கார அண்ணன் என்று எழுத வேண்டும். பக்கத்தில் வலது கை என்றும் எழுத வேண்டும்.